ஒல்லியாக இருப்பவர் தினமும் இனிப்பு சாப்பிட்டால் என்ன ஆகும்?

கேட்டவருக்கு 33 வயது. கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலை, ஒல்லியான உடம்பு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இரண்டு துண்டு இனிப்பு உள்ளே போனால்தான் சாப்பிட்ட திருப்தியே வருமாம். "நம்ம குடும்பத்துல யாருக்கும் சுகர் கிடையாது, நீ சாப்பிடுப்பா" என்பது அம்மாவின் கட்சி. மனைவி எதிர்க்கட்சி. இருவரையும் சமாதானப்படுத்த, வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு வீட்டில் கருப்பட்டிக்கு மாறியிருக்கிறார்கள். அது போதுமா, எவ்வளவு தின்றால் 'அதிகம்', அதிகமானால் உடம்பில் எது கெடும் என்று கேட்டிருக்கிறார். நாளைக்கு நாலு டீ குடிப்பேன் என்று நடுவில் ஒரு வார்த்தை போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். நான் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் தொழில். பிறந்து வளர்ந்தது திருநெல்வேலி. அல்வா ஊர்க்காரி இனிப்புக்கு எதிராகப் பிரசங்கம் செய்வாள் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் பக்கம் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்போம். சர்க்கரை என்றால் ஆச்சிமாருக்கு வெல்லத்தூள். சர்க்கரைப் பொங்கலில் விழுவது வெல்லம்தானே, அந்தப் பெயரில் பழைய பொருள் அப்படியே தங்கிவிட்டது. குழப்பம் வேண்டாம் என்பதால் இந்தப் பதிலிலும் வெள்ளையைச் சீனி என்றே எழுதுகிறேன்.

என் மேசையில் சின்ன எடைத் தராசு ஒன்று உண்டு. வருகிறவர்களிடம், "வீட்டில் டீக்குப் போடுகிற அதே ஸ்பூனால் ஒரு ஸ்பூன் போடுங்க" என்று சீனி டப்பாவை நீட்டுவேன். தலை தட்டிய ஒரு டீஸ்பூனில் நாலைந்து கிராம் நிற்கும். பெரும்பாலானவர்கள் கோபுரமாக அள்ளிப் போடுவார்கள். தராசு 8, 9 என்று காட்டும். "ஒரு ஸ்பூன்தாம்மா போடுவேன்" என்று சத்தியம் பண்ணிய அண்ணாச்சி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், என்னவோ ஸ்பூன் ஏமாற்றிவிட்ட மாதிரி.

இன்னொரு கணக்கும் கேட்பேன்: மாதம் எத்தனை கிலோ சீனி வாங்குகிறீர்கள்? மளிகைச் சிட்டை பொய் சொல்லாது. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 கிலோ என்றால் ஆளுக்கு நாளைக்கு 40 கிராமுக்கு மேல். வீட்டு டப்பாவிலிருந்து மட்டும் இவ்வளவு. கடை டீ, பிஸ்கட், குளிர்பானம், பேக்கரி, ஸ்வீட் பெட்டி எல்லாம் இதற்கு வெளியே.

எது அதிகம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஓர் எல்லை சொன்னது. ஒரு நாளில் உண்ணும் மொத்த கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு முதலாவது 50 கிராம், இரண்டாவது 25 கிராம். இந்தக் கணக்கில் தேன், வெல்லம், கருப்பட்டி, பழச்சாறு எல்லாம் அடங்கும். முழுப் பழமும் பாலில் இயல்பாக இருக்கும் சர்க்கரையும் அடங்காது.

இப்போது உங்கள் நாளைப் பார்ப்போம். நாலு டீ, ஒவ்வொன்றிலும் 8 கிராம் என்றால் 32. கூடவே நாலு மேரி பிஸ்கட் உள்ளே போயிருந்தால் இன்னுமொரு 5. ராத்திரி இனிப்புக்கு மைசூர்பாகையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் கிளறிய யாருக்கும் அளவு தெரியும்: ஒரு கப் கடலை மாவு, இரண்டு கப் சீனி, இரண்டு கப் நெய். தட்டில் கொட்டி 25 துண்டு போட்டால், துண்டுக்கு 16 கிராம் சீனி, கிட்டத்தட்ட அதே அளவு நெய். இரண்டு துண்டுக்கு 32 கிராம் சீனி. ஆக மொத்தம் 69. மனைவி சண்டை போடுவது மைசூர்பாகுக்காக. அதில் வந்ததற்குக் குறையாத சீனி டீயிலும் பிஸ்கட்டிலும் வந்திருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நெய்யையும் மறக்க வேண்டாம். துண்டுக்கு 200 கலோரி தாண்டும். இரண்டு துண்டு என்றால் ஐந்தாறு இட்லிக்குச் சமம், அதுவும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு.

சரி, இது உள்ளே போய் என்ன செய்கிறது?

சீனியின் ஒவ்வொரு மூலக்கூறிலும் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுவதும் பங்கு போட்டுக்கொள்ளும். தசை, மூளை எல்லாவற்றுக்கும் அதுதான் எரிபொருள். ஃபிரக்டோஸின் பெரும் சுமை கல்லீரல் தலையில் விழுகிறது. கொஞ்சமாக, மெதுவாக வந்தால் கல்லீரல் சமாளித்துவிடும். தினமும் மொத்தமாக வந்து இறங்கினால், உபரியைக் கொழுப்பாக மாற்றும். அதில் ஒரு பகுதி ரத்தத்துக்குப் போகும். ரத்தப் பரிசோதனைத் தாளில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-ஐத் தாண்டி நிற்பதற்கு எண்ணெயை மட்டும் குறை சொல்கிறோம். சீனிக்கும் அதில் பங்கு உண்டு. மீதிக் கொழுப்பு கல்லீரலிலேயே தங்கும். "நான் வாழ்க்கையில ஒரு சொட்டு குடிச்சதில்ல, எனக்கு எப்படி லிவர்ல கொழுப்பு?" என்று ஸ்கேன் தாளை நீட்டிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்காது. ராத்திரி நாம் தூங்கும்போது ரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ் விட வேண்டும் என்று இன்சுலின் சொல்ல, கல்லீரல் தன் பாட்டுக்குக் கூடுதலாக விட்டுக்கொண்டிருக்கும். இன்சுலினைச் சுரக்கும் கணையமும் சளைக்காது, மேலும் மேலும் இன்சுலின் சுரந்து ஈடுகொடுக்கப் பார்க்கும். இந்தக் கட்டம் வருஷக்கணக்கில் ஓடலாம். வெளியே ஒன்றும் தெரியாது, சர்க்கரை அளவும் சரியாகவே இருக்கும். ஒருநாள் கணையத்தால் முடியாமல் போகும். அன்றைக்குத்தான் 'திடீர்னு சுகர் வந்துடுச்சு' என்கிறோம்.

இடைப்பட்ட காலத்தில் உடம்பு தரும் அடையாளம் ஒன்று உண்டு, அதை நம் ஊரில் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறார்கள். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலக் கருமை படரும். பிள்ளையை உட்கார வைத்து, கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தோல் சிவக்கத் தேய்க்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அது தேய்த்துப் போகிற விஷயம் அல்ல. பெரும்பாலும் ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக ஓடுகிறது என்பதற்கான அறிகுறி. கழுத்தைத் தேய்ப்பதற்குப் பதில் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

'இனிப்பு சாப்பிட்டால் சர்க்கரை நோய் வராது, அது பரம்பரை' என்ற வாதத்துக்கு வருகிறேன். அதில் பாதி சரி. லட்டு தின்றால் நேராகச் சுகர் வந்துவிடாது. பரம்பரை, வயது, அசையாத வேலை, இடுப்புக் கொழுப்பு, வெள்ளை அரிசி எல்லாம் சேர்ந்து நடத்தும் கூட்டு வேலை அது. ஆனால் அந்தக் கூட்டில் இனிப்புக்கு இடமில்லை என்பது தவறு. இனிப்புக் குளிர்பானங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான பகுப்பாய்வில், தினம் ஒருமுறை கூடுதலாகக் குடிப்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் அதிகமாக இருந்தது. உடல் பருமனின் பங்கைக் கழித்துப் பார்த்த பிறகும் 13 சதவீதம் நின்றது. அதாவது குண்டானால்தான் ஆபத்து என்று சொல்ல வழியில்லை.

இதைவிட என்னை உலுக்கியது பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு. இரண்டாம் உலகப் போரில் அங்கே சீனிக்கு ரேஷன் போட்டார்கள். போர் முடிந்தும் தொடர்ந்த அந்தக் கட்டுப்பாடு 1953 செப்டம்பரில்தான் நீங்கியது. நீங்கிய கையோடு மக்கள் சாப்பிடும் சீனி ஏறக்குறைய இரட்டிப்பானது. அதற்குச் சற்று முன் கருவானவர்கள், சற்றுப் பின் கருவானவர்கள் இருவரையும் முதுமையில் ஒப்பிட்டு 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். தாயின் வயிற்றிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் சீனியோடு வளர்ந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவு, ரத்தக்கொதிப்பு 20 சதவீதம் குறைவு. ஒரு வயதுக் குழந்தை அழுதால் வாயில் ஜீராவைத் தடவும் பாட்டிமார் வீட்டில் இருந்தால் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

'நம்ம குடும்பத்தில் யாருக்கும் கிடையாது' என்பதற்கு, 'யாரும் பரிசோதித்துப் பார்த்ததில்லை' என்று பொருள் கொள்வது என் வழக்கம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வுப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நோய் உண்டு. உங்கள் தாத்தா வெல்லத்தை உருண்டை உருண்டையாகத் தின்றிருக்கலாம். அவர் வயலுக்கு நடந்தார். நீங்கள் லிப்ட் வருவதற்குக் காத்து நிற்கிறீர்கள்.

ஒல்லி என்பதும் நம்மவர்களுக்குப் பெரிய கேடயம் இல்லை. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் தங்களையே அளந்து ஒரு மருத்துவ இதழில் படத்தோடு போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு அச்சு அசலாக ஒன்றே, 22.3. உள்ளே இருந்த கொழுப்பு பிரிட்டிஷ்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் சட்டைப் பித்தானை இழுக்கும். தெருவில் பத்து ஆண்களைப் பார்த்தால் நாலு பேர் இப்படித்தான். ஆகவே எடை மெஷினை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. இதைத் தாண்டினால் ஒல்லி என்ற பேச்சை மூட்டை கட்டிவிடலாம்.

பல்லைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். வாயில் இருக்கும் கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. எச்சில் அதை மட்டுப்படுத்த அரை மணி நேரமாவது ஆகும். ஆக, எவ்வளவு தின்றீர்கள் என்பதைவிட எத்தனை தடவை தின்றீர்கள் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். இதை உலகம் கண்டுபிடித்த விதம் கொடுமையானது. 1940-களில் ஸ்வீடனில் லுண்ட் நகரின் விப்பேஹோல்ம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு ஒட்டும் டாஃபியை வேண்டுமென்றே கொடுத்துப் பல் சொத்தையாவதைக் கணக்கெடுத்தார்கள். இன்றைக்கு எந்த நாட்டிலும் இதற்கு அனுமதி கிடைக்காது. சாப்பாட்டோடு சீனி சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. வேளைக்கு வேளை நடுவில் டாஃபி மென்றவர்களுக்குப் பல் பாழானது. அந்த முடிவை ஒட்டித்தான் ஸ்வீடனில் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் வேரூன்றியது. இன்னும் இருக்கிறது.

நாலு டீயை நாள் முழுக்கப் பரப்பிக் குடிக்கும் உங்கள் பல் அந்த டாஃபிக்காரர்கள் பக்கம்தான் சேரும். டீயில் ஸ்பூனைக் குறைக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

கருப்பட்டிக் கேள்விக்கு உங்களுக்குப் பிடிக்காத பதில்தான் தர முடியும். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். மணம், நிறம், கொஞ்சம் தாது உப்பு கூடுதலாக உண்டு. 'இரும்புச் சத்து' என்பார்கள். 10 கிராம் வெல்லத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு கிடைக்கும். ஓர் ஆணுக்கு நாளைக்கு 19, பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். வெல்லத்தால் அதை எட்ட நினைத்தால் அரைக் கிலோ தின்ன வேண்டும். அதற்கு முருங்கைக்கீரை இருக்கிறது. இன்னொரு சங்கடம்: கருப்பட்டியில் இனிப்பு சற்று மட்டு என்று தோன்றுவதால் கை தாராளமாகப் போடும். போதாக்குறைக்கு, சந்தையில் சீனிப்பாகு கலந்த கருப்பட்டியை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பிடிப்பதும் அடிக்கடி செய்தியில் வருகிறது. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு நானும் அடிமை. ருசிக்காகச் சாப்பிடுங்கள், மருந்து என்று சாப்பிடாதீர்கள். தேனுக்கும் இதுவே.

செயற்கை இனிப்பு மாத்திரைக்குத் தாவலாமா என்றும் கேட்பார்கள். உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. நாக்கு அதே இனிப்பைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் என்பது அவற்றின் மேல் எனக்கிருக்கும் மனக்குறை.

போகிற போக்கில் சில நம்பிக்கைகள். இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வரும் என்பது பொய். பூச்சி முட்டை மண்ணிலிருந்தும் கழுவாத கையிலிருந்தும் வருகிறது. காலையில் பாகற்காய்ச் சாறு குடித்தால் மாலையில் தின்ற ஜாங்கிரி கழிந்துவிடும் என்பதும் பொய். கசப்பும் இனிப்பும் நாக்கில்தான் எதிரிகள், ரத்தத்தில் அப்படி வரவு செலவு கிடையாது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, சுகர் உள்ளவர்கள் கல்யாண வீட்டில் செய்வது: "இன்னைக்கு ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கிட்டேன், பாயசம் ஊத்து." கிளிமிப்ரைடு போன்ற மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு ஏற்றினால், பாயசம் செரித்த பிறகும் மருந்து வேலை செய்துகொண்டிருக்கும். நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை பல வீடுகளில் உண்டு.

பிள்ளைகள் இருந்தால் அவர்கள் குடிக்கும் மாவு டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்த வேண்டி வந்தது. லேபிளில் சீனி என்ற பெயரிலேயே இருக்காது. லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று மாறுவேஷத்தில் வரும். 'சீனி சேர்க்கவில்லை' என்று முன்பக்கம் எழுதிவிட்டுப் பின்பக்கம் பேரீச்சை சிரப் என்று போட்டிருப்பதும் உண்டு. குளிர்பானத்தில் வேஷமே இல்லை: 100 மில்லிக்கு 10, 11 கிராம் என்று பட்டவர்த்தனமாகப் போட்டிருக்கும், நாம்தான் பெருக்கிப் பார்ப்பதில்லை. பழமாகக் கடித்துத் தின்றால் சரி. அதையே ஜூஸாக்கினால் மூன்று நாலு சாத்துக்குடியின் சர்க்கரை ஒரே டம்ளரில் நார் இல்லாமல் இறங்கும்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் டீ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்பூனில் கால் பங்கு குறையுங்கள். அப்படிக் குறைத்தவர்களில் பலருக்கு இரண்டு மாதத்தில் பழைய டீ பாயசமாகத் தெரிந்திருக்கிறது. ஆபீஸ் மெஷின் டீயில் சீனி கலந்தே வரும், அதற்குக் கடை டீயில் 'சீனி கம்மி' என்று சொல்லிக் குடிப்பது மேல். ராத்திரி இனிப்பைத் தினசரி என்பதிலிருந்து வாரம் இரண்டு நாள் என்று ஆக்குங்கள், ஒரு துண்டு. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே கொறிக்காமல் சாப்பாட்டின் கடைசியில் சாப்பிடுங்கள். பந்தியில் இலை நுனியில் முதலில் இனிப்பை வைப்பது மரபு; வைக்கட்டும். காய், பருப்பு எல்லாம் முடித்துவிட்டு அதைத் தொட்டால் ரத்தச் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது. முடித்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடங்கள். படுக்கப் போகும் முன் பல் தேய்ப்பதை விடாதீர்கள்.

இனிப்பைக் குறைத்த புண்ணியத்தில் சோற்று மலையைக் கூட்டிவிட வேண்டாம். அதுவும் குளுக்கோஸாகத்தான் முடிகிறது.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுங்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை), டிரைகிளிசரைடு, கல்லீரல் பரிசோதனை. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழும் எச்பிஏ1சி 5.7-க்குக் கீழும் இருந்தால் அம்மா ஜெயித்தார், இப்போதைக்கு. 5.7 முதல் 6.4 வரை என்றால் வாசலில் நிற்கிறீர்கள், திரும்பி வர வழி இருக்கிறது. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பாருங்கள், மறுபடி ஒருமுறை சோதித்து உறுதி செய்வார். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தப்பாகக் காட்டலாம், அதனால் ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். போகிற கையோடு அம்மாவுக்கும் எடுத்துவிடுங்கள். குடும்பத்தில் யாருக்கும் கிடையாதா என்பது அப்போதுதான் தெரியும்.

வாங்கி வைத்த கருப்பட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். ஐப்பசி மழைக்குச் சுக்குக் காபி போட ஆகும். டம்ளருக்குப் புளியங்கொட்டை அளவு ஒரு துண்டு போதும்.